சுண்ணாம்பும் நூலும் கதிரும்
பெண்களின் முக உரோமம் பற்றிய ஒரு வரலாற்றுப் பார்வை

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதி வைத்த வரலாற்று ஆசிரியர்கள், மனித உடலின் சிறு குறைகளைப் பற்றித் தனி நூல் எழுதவில்லை. ஆயினும் அவற்றுக்கும் வரலாறு உண்டு. அது ஃபிக்ஹு நூல்களின் விளக்கவுரைகளிலும், ஹகீம்களின் மருந்துக் குறிப்புகளிலும், அயல்நாட்டுப் பயணிகள் எழுதிய ஹம்மாம் வருணனைகளிலும், நீதிமன்ற வழக்குகளிலும் சிதறிக் கிடக்கின்றது. பெண்களின் மேலுதட்டிலும் மோவாயிலும் கன்ன ஓரங்களிலும் தடித்து வளரும் உரோமத்தின் கதை அத்தகைய ஒன்றாகும்.

இதனை ஓர் இலக்கிய ஏட்டில் எழுதத்தான் வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். நம் இல்லங்களில் இதைப் பற்றிய பேச்சு எழுவதில்லை. பருவமடைந்த பெண் கண்ணாடியின் முன் நின்று கலங்குகிறாள். தாயிடம் சொல்ல நாணுகிறாள். பெண் பார்க்க வருவோரின் கண்களை எண்ணி அஞ்சுகிறாள். யாரோ ஒரு தோழி சொன்னதை, எந்தக் கடையிலோ வாங்கி, கதவைத் தாழிட்டுக்கொண்டு பூசிப் பார்க்கிறாள். முகத்தில் முளைத்த உரோமம் தன்னளவில் எந்தப் பெண்ணின் உயிரையும் பறித்ததில்லை. ஆனால் அதனை மறைவாக நீக்குவதற்கு மேற்கொண்ட சில வழிகள் பார்வையையும் உயிரையும் பறித்திருக்கின்றன. வரலாறு இதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றது. ஆகவே நாணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு அந்த வரலாற்றைக் காண்பது நன்று.

உம்மு யஃகூபின் கேள்வி

நபித்தோழர்களுள் அருள்மறையை ஆழ்ந்து கற்றவர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள். பச்சை குத்தும் பெண்கள், குத்திக்கொள்ளும் பெண்கள், முகத்து உரோமத்தைப் பறிப்போர், பறிக்கச் செய்வோர், அழகுக்காகப் பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்வோர் ஆகியோரை, இறைவனின் படைப்பை மாற்றுவோர் எனக் கூறி அவர்கள் சபித்தார்கள். இச்செய்தி அஸத் குலத்தைச் சேர்ந்த உம்மு யஃகூப் என்ற பெண்மணியின் செவிக்கு எட்டியது. அவர் திருக்குர்ஆனை ஓதி வந்தவர். நேரே இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் வந்து, இரண்டு அட்டைகளுக்கு இடையே உள்ள அனைத்தையும் தாம் ஓதியிருப்பதாகவும் இந்தச் சாபத்தை அதில் காணவில்லை என்றும் வாதிட்டார். இறைத்தூதர் அளித்ததை ஏற்கவும் அவர் தடுத்ததை விட்டு விலகவும் பணிக்கும் அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் 7ஆம் வசனத்தை அவர்கள் நினைவூட்டி, அண்ணல் நபி (ஸல்) அவர்களே இதனைத் தடுத்தார்கள் என்றார்கள். அப்பெண்மணி அத்துடன் விடவில்லை. அவர்களுடைய மனைவியிடமே இவற்றில் ஏதோ ஒன்று இருப்பதாகத் தாம் எண்ணுவதாகக் கூறினார். போய்ப் பார்த்து வருமாறு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் சொன்னார்கள். அவர் சென்று பார்த்தார், எதனையும் காணவில்லை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ் நூல்களிலும் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

மதரஸாவில் இப்பாடத்தை நடத்தும்போது 'நாமிஸா' என்ற சொல்லுக்குப் பொருள் கூறிவிட்டு அடுத்த வரிக்குப் போவதே வழக்கம். ஆயினும் இந்நிகழ்ச்சியில் நின்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒரு பெண், முகத்து உரோமம் பற்றிய சட்டத்தை, அந்நாளின் மிகப் பெரிய அறிஞர் ஒருவரிடம் நேரில் வந்து கேட்டாள், வாதிட்டாள், விடை பெற்றாள். அவள் வெட்கம் கெட்டவள் என்று எவரும் கூறவில்லை. அவளுடைய கேள்வி ஹதீஸ் நூல்களில் இடம்பெற்று நிலைத்துவிட்டது.

இமாம்கள் வகுத்த எல்லை

அரபியில் 'நம்ஸ்' என்றால் உரோமத்தைப் பறித்தல். அதற்குப் பயன்படும் சாமணத்துக்கு 'மின்மாஸ்' என்று பெயர். நபிமொழி தடுத்தது எதனை என்பதை வரையறுக்க அறிஞர்கள் பெரிதும் முயன்றனர். ஹிஜ்ரி 275இல் (கி.பி. 889) மறைந்த இமாம் அபூதாவூத் அவர்கள், புருவத்தை மெலியச் செய்பவளே நாமிஸா என விளக்கம் தந்தார்கள். அப்படியானால் தாடியோ மீசையோ முளைத்துவிட்ட பெண்ணின் நிலை என்ன? அவள் அழகுக்கு அழகு சேர்க்க விழைபவள் அல்லள். தன்மேல் வந்து விழுந்த ஒரு சுமையை இறக்க விழைபவள்.

இங்கே அறிஞர்கள் இரு வழிப்பட்டனர். தஃப்ஸீர் கலையின் தந்தை எனப் போற்றப்படும் இமாம் தபரி (மறைவு ஹிஜ்ரி 310, கி.பி. 923) அவர்கள், பெண் தன் தாடியையும் மீசையையும்கூட நீக்கலாகாது எனக் கருதினார்கள். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், சிரியாவின் நவா என்னும் ஊரில் தோன்றிய இமாம் நவவி (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இக்கருத்தை எடுத்துக் காட்டி மறுத்தார்கள். பெண்ணுக்குத் தாடியோ மீசையோ கீழுதட்டின் அடியில் குறுமுடியோ முளைத்தால் அதனை நீக்குவது ஹராம் ஆகாது. நம் மத்ஹபில் அது விரும்பத்தக்க செயலே. தடை என்பது புருவத்துக்கும் முகத்தின் ஓரங்களுக்கும் உரியது என்பது அவர்களின் முடிவு. ஷாஃபியீ மத்ஹபைப் பின்பற்றும் நம் கடற்கரை ஊர்களுக்கு இது சொந்த இமாமின் சொல்.

ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரி 620, கி.பி. 1223) அவர்கள் தம் 'அல்முக்னீ'யில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். 'ஹஃப்' எனப்படும் முறையில் முகத்து உரோமத்தை மழித்து அகற்றுவது பற்றி இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அவர்களிடம் கேட்கப்பட்டபோது, பெண்களுக்கு அதில் தவறில்லை என விடை கூறினார்களாம், பறிப்பதையே வெறுத்தார்களாம். ஹனஃபீ மத்ஹபின் பிற்கால மேதையான டமாஸ்கஸ் இப்னு ஆபிதீன் (மறைவு ஹிஜ்ரி 1252, கி.பி. 1836) அவர்கள், அந்நிய ஆடவருக்கு அழகு காட்டுவதற்காகச் செய்வதையே தடை குறிக்கக்கூடும் என்றும், கணவனுக்கு வெறுப்பூட்டும் முக உரோமத்தை ஒரு பெண் நீக்குவதைத் தடை என்பது தொலைவான கருத்து என்றும் எழுதினார்கள், தாடி மீசை முளைத்தவள் அதனை அகற்றுவது விரும்பத்தக்கது என்ற கூற்றையும் தம் நூலில் சேர்த்தார்கள்.

புருவத்தைப் பற்றிய தடை வேறு. தாடை உரோமத்தைப் பற்றிய தீர்ப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, 'மார்க்கம் தடுக்கிறது' என்று எண்ணி மனம் புழுங்கும் பெண்கள் உள்ளனர். இமாம்களின் நூல்களைத் திறந்தால் அவர்களுக்குக் கதவு அடைபடவில்லை என்பது தெரியும். நுட்பமான ஐயங்களுக்கு அவரவர் மத்ஹபின் ஆலிம்களை நாடிக் கேட்டல் தகும்.

நூரா

சட்டம் அனுமதித்தது, கருவி எது? அரபு மருத்துவமும் அரபு நாட்டு ஹம்மாம்களும் அறிந்த பழைய மருந்து 'நூரா'. சுட்ட சுண்ணாம்பையும், 'ஸர்னீக்' எனப்படும் மஞ்சள் நிறக் கனிமத்தையும் கலந்து நீர் விட்டுக் குழைத்த பசை அது. ஸர்னீக் என்பது ஆர்ஸனிக்கும் கந்தகமும் சேர்ந்த பொருள். நம் சித்த மருத்துவர்கள் அதனை அரிதாரம், தாளகம் என்பர். பசையை உடலில் பூசிச் சிறிது நேரத்தில் கழுவினால் உரோமம் கரைந்து உதிர்ந்துவிடும்.

ஸபா நாட்டு அரசியின் கால்களில் உரோமம் இருந்ததென்றும், அதனைப் போக்க ஸுலைமான் (அலை) அவர்களுக்கு ஜின்கள் நூராவைச் செய்து கொடுத்தன என்றும் பழைய தஃப்ஸீர்களில் ஒரு கதை வருகிறது. இத்தகைய கதைகள் வேதக்காரர்களிடமிருந்து வந்தவையாகத் தோன்றுகின்றன என்று இமாம் இப்னு கஸீர் (மறைவு ஹிஜ்ரி 774, கி.பி. 1373) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். கதையைச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் அக்கதையைச் சொன்ன மக்கள் நூராவை எவ்வளவு தொன்மையானதாகக் கருதினர் என்பதை அது உணர்த்துகின்றது.

இம்மருந்து அரபியருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டின் பண்டைய அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை, சங்குச் சுண்ணம் இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு எனக் கணக்குச் சொல்லி, புளிக்காடியில் அரைத்துப் பூசும் முறையைக் கூறுகின்றது. புகாரா அருகே பிறந்த இப்னு ஸீனா (மறைவு ஹிஜ்ரி 428, கி.பி. 1037), தம் 'கானூன்' நூலின் நான்காம் பகுதியில் 'ஸீனத்' எனப்படும் அழகுக் கலைக்குத் தனிப் பிரிவு ஒதுக்கி, உரோமத்தை நீக்கும் மருந்துகளையும் அது மீண்டும் முளைப்பதைத் தடுக்கும் மருந்துகளையும் பேசுகின்றார். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஸலெர்னோ நகரில் எழுந்த பெண்களின் அழகுப் பராமரிப்பு நூல் ஒன்று, முஸ்லிம் பெண்களின் அழகுக் குறிப்புகளைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுவதோடு, அதே சுண்ணாம்பு-அரிதாரக் கலவையையும் தருகின்றது. கலவை பதமாகக் காய்ந்துவிட்டதா என அறிய ஒரு பறவையின் இறகை அதில் தோய்த்துப் பார்க்க வேண்டும். தூவி உதிர்ந்தால் பதம் என்பது அதன் குறிப்பு. 16ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசில் பயணம் செய்த பிரெஞ்சு அறிஞர் பியேர் பெலோன், அங்குள்ள குளியல் கூடங்களில் 'ருஸ்மா' என்ற பெயரில் இதே பொருள் புழங்குவதை 1553இல் எழுதினார்.

இது வேலை செய்யும் விதத்தைப் பிற்கால வேதியியல் விளக்கியது. உரோமத்தின் உறுதிக்குக் காரணம் அதிலுள்ள கந்தகப் பிணைப்புகள். சுண்ணாம்பும் ஆர்ஸனிக் கந்தகையும் சேரும்போது பிறக்கும் கந்தகச் சேர்மம் அப்பிணைப்புகளை அறுத்துவிடுகின்றது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலோடு தொடர்புடைய குடும்பங்களுக்கு இது புதுச் செய்தி ஆகாது. ஆட்டுத் தோலிலிருந்து மயிரை அகற்றச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பது அவர்கள் அறிந்ததே. இரண்டின் தத்துவமும் ஒன்று.

தத்துவம் ஒன்றே ஆதலால் ஆபத்தும் ஒன்றே. தோலும் உரோமமும் ஒரே வகைப் புரதத்தால் ஆனவை; உரோமத்தைக் கரைப்பது சற்றுப் பிந்தினால் தோலையும் வேகச் செய்யும். அரிதாரத்தில் உள்ள ஆர்ஸனிக்கோ நஞ்சு. 1930களில் தயோகிளைகோலிக் அமிலத்தின் உப்புகள் இவ்வேலைக்குப் பயன்படத் தொடங்கியபின் ஆர்ஸனிக்குக்கு அவசியம் இல்லாது போயிற்று. இன்று கடைகளில் விற்கும் உரோம நீக்கிக் களிம்புகள் பெரும்பாலும் இவ்வகையினவே. இவற்றிலும் முகத்துக்கென்று தயாரித்ததை மட்டுமே, முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசிச் சோதித்த பின்னர், குறித்த நிமிடத்துக்கு மேல் வைக்காமல் பயன்படுத்த வேண்டும்.

நூலும் பாகும்

நூராவுக்கு அஞ்சிய பெண்கள் நூலைக் கையில் எடுத்தனர். முறுக்கிய இரட்டை நூலின் இடையில் உரோமத்தைச் சிக்கவைத்து இழுக்கும் கலை ஈரானில் 'பந்த்' என்றும் எகிப்தில் 'ஃபத்லா' என்றும் வழங்கும். நம் ஊர் அழகு நிலையங்களில் அதுவே 'த்ரெடிங்'. ஈரானில் மணமாகாத பெண் முகத்தில் நூல் படுவது பழைய வழக்கம் இல்லை. திருமணத்துக்கு முன் உறவுப் பெண்கள் கூடி மணமகளின் முகத்துக்கு முதன்முதலாக நூலிடுவர். அது ஒரு சடங்கு. மணவாழ்வின் வாயிலில் அவள் அடியெடுத்து வைத்ததை அந்த முகமே அறிவிக்கும். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் நீரும் சேர்த்துக் காய்ச்சிய பாகை 'ஹலாவா' என்று அரபு நாட்டுப் பெண்கள் பயன்படுத்துவர். நம் நாட்டுப் பெண்டிர் கஸ்தூரி மஞ்சளையும் பயற்றம் மாவையும் நம்பினர். மென்மையான பூனை முடிக்கு மேல் தடித்த உரோமத்தை அவை அகற்றுவதில்லை.

இதே ஈரானில் 19ஆம் நூற்றாண்டில் நிலவிய ஒரு சுவையை இங்கே குறிப்பிட வேண்டும். காஜார் அரச குலத்தின் காலத்தில், பெண்ணின் மேலுதட்டில் மெல்லிய உரோமம் படர்ந்திருப்பது அழகின் அடையாளமாகக் கருதப்பட்டது. இல்லாதவர் மை தீட்டி வரைந்துகொண்டதும் உண்டு. நாஸிருத்தீன் ஷாவின் மகள் இஸ்மத்துத் தவ்லாவை 1877இல் கண்ட பெல்ஜியப் பயணி கார்லா ஸெரெனா, அவருடைய உதட்டின் மேல் இருந்த மென்மீசையைக் குறித்து வைத்தார். ஐரோப்பிய வழக்குகள் உள்ளே புகுந்த பின்னர் அந்தச் சுவை மறைந்தது. அழகு என்று ஊர் கொண்டாடியதை அதே ஊர் பிறகு குறை என்று கூறிற்று. பெண்ணின் முகம் மாறவில்லை; பார்த்தவர் கண் மாறியது.

மழித்தால் முடி தடித்து வளரும் என்ற அச்சமும் பழையதே. அமெரிக்க உடற்கூறு அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928இல் இதனை ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் வளர்ச்சியில் மாற்றம் இல்லை எனக் காட்டினார். வெட்டுண்ட நுனி மொட்டையாக இருப்பதால் தடித்ததுபோல் தோன்றுகின்றது, அவ்வளவே.

காட்சிப் பொருளும் கடைப் பொருளும்

19ஆம் நூற்றாண்டு பல வசதிகளைக் கொணர்ந்தது. ஒரு கொடுமையையும் கொணர்ந்தது. மெக்சிகோ நாட்டில் 1834இல் பிறந்த ஹூலியா பஸ்த்ரானா என்ற பெண்ணுக்கு முகமெங்கும் உடலெங்கும் உரோமம். அவளை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்சிக்கு நிறுத்தினர். அவளுடைய காட்சியை நடத்தியவனே அவளை மணந்துகொண்டான். 1860இல் மாஸ்கோவில் குழந்தை பெற்றாள். குழந்தை விரைவில் இறந்தது. சில நாட்களில் அவளும் இறந்தாள். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். கணவனோ இரண்டு உடல்களையும் பதப்படுத்தச் செய்து மீண்டும் ஊர் ஊராகக் காட்டினான். அந்த உடல் தன் தாய்நாட்டின் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது 2013 பிப்ரவரியில்தான். ஒரு ஜனாஸாவுக்கு உரிய மரியாதை 153 ஆண்டுகள் தாமதித்தது.

இவ்வாறு பார்வையாளர் கூட்டம் சிரித்த காலத்தில், சிறிதளவு உரோமம் உள்ள சாதாரணப் பெண்ணும் அஞ்சத் தொடங்கினாள். அந்த அச்சத்தை விலையாக்கும் வணிகர் வந்தனர்.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், தலையைப் படமெடுக்கக் கதிரின் முன் அமர்ந்த ஒருவருக்கு 21 நாட்கள் கழித்து அந்த இடத்து முடி உதிர்ந்தது. வியன்னாவின் லெயோபோல்ட் ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் அதே 1896இல், முதுகில் உரோம மச்சம் உடைய ஐந்து வயதுச் சிறுமிக்கு இக்கதிரைச் செலுத்தினார். உரோமம் உதிர்ந்தது, பின்னர் அவ்விடம் ஆறாப் புண்ணாயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் அப்பெண்ணைப் பரிசோதித்தபோதும் அதன் வடு இருந்தது.

முதல் நோயாளியே எச்சரிக்கையாக அமைந்தும் வணிகம் கேட்கவில்லை. 1920களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் கெய்ஸர் என்ற மருத்துவர் 'ட்ரிக்கோ' என்ற எக்ஸ்ரே முறையைப் பரப்பினார். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நகரங்களின் அழகு நிலையங்களில் இப்பெட்டிகள் அமர்ந்தன. குறுகிய காலப் பயிற்சி பெற்ற ஊழியர்களே அவற்றை இயக்கினர். பெண் சில நிமிடங்கள் முகத்தைச் சாளரத்தில் வைத்து அமர்ந்தால் போதும், வலி இல்லை, எரிச்சல் இல்லை, சில வாரங்களில் உரோமம் உதிரும். அலுவலகத்தில் பணியாற்றிய பெண்களும், வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண்களும் தம் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டினர். ஆண்டுகள் சில சென்றபின் தோல் சுருங்கியது; திட்டுத் திட்டாக நிறம் மாறியது; புண் வந்தது; பலருக்குப் புற்றுநோய் வந்தது. 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. ஆயினும் கதிர் உடலில் விதைத்த கேடு பல்லாண்டுகள் கழித்தும் மருத்துவமனைகளில் அறுவடையாகிக்கொண்டிருந்தது.

அதே காலத்தில் 'கோரெம்லு' என்ற களிம்பு அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது தாலியம் அசிட்டேட். எலிகளைக் கொல்லப் பயன்பட்ட நஞ்சு அது. மேலுதட்டு உரோமத்துக்காக அதனைப் பூசிய பெண்களுக்குத் தலைமுடியே கொட்டியது, கால்கள் செயலிழந்தன, சிலருக்குப் பார்வை மங்கியது. வழக்குகள் குவிந்ததும் நிறுவனம் 1932இல் திவாலாயிற்று. அழகுப் பொருள்களைத் தடுக்கும் அதிகாரம் அன்று அமெரிக்க அரசின் மருந்துத் துறைக்கு இல்லை. இக்களிம்பு போன்றவற்றைச் சான்று காட்டி வாதாடிய பின்னரே 1938இல் புதிய சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்துக்குள் அழகுப் பொருள்களும் கொணரப்பட்டது 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்.

இந்தப் பெண்கள் அறிவற்றவர்கள் அல்லர். அவர்கள் யாரிடமும் கேட்க முடியாத நிலையில் இருந்தவர்கள். மருத்துவரிடம் சொன்னால் இது ஒரு நோயா என்று நகைப்பார்; வீட்டில் சொன்னால் வாயை மூடு என்பர். வலியின்றி, ஒருவரும் அறியாமல், விரைவில் தீர்த்து வைப்பதாக வாக்களித்த வணிகனின் வாசலுக்கு அவர்களை அனுப்பியது இந்த மௌனமே.

ஊசியும் ஒளியும்

நேர்மையான வழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது மெதுவானது என்பதால் கூட்டம் சேரவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கண் மருத்துவராக இருந்த சார்ல்ஸ் மிஷெல், உள்நோக்கி வளர்ந்து விழியை உறுத்தும் இமை மயிரை, மின்னோட்டம் பாயும் நுண்ணூசியால் வேரோடு அழித்ததை 1875இல் வெளியிட்டார். கண்ணைக் காக்கப் பிறந்த அந்த உத்தி விரைவில் முகத்துக்கும் வந்தது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஊசியை நுழைத்து மின்னோட்டம் செலுத்த வேண்டும்; ஆகவே மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஆனால் எந்த நிறத் தோலுக்கும் எந்த நிற முடிக்கும் பயன்படும். திறமையாகச் செய்தால் அழிந்த வேர் மீண்டும் முளைப்பதில்லை.

1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், ஒளிக்கதிரின் நிறத்தையும் கால அளவையும் சரியாகத் தேர்ந்தால் சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் இலக்கை மட்டும் சுடலாம் என்ற கொள்கையை வெளியிட்டனர். 1990களின் நடுப்பகுதியில் லேசர் மூலம் உரோமம் நீக்கும் கருவிகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முடியில் உள்ள கருநிறப் பொருள் ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேரைச் சுடும். இதிலேயே நமக்குரிய எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. நம் தோலிலும் அதே கருநிறப் பொருள் மிகுதி. வெளிறிய தோலுக்கு ஏற்ற கதிரை நம் தோலில் பாய்ச்சினால் கொப்புளமும் கருந்திட்டும் வரும். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் அதிகப் பாதுகாப்பானது. நரைத்த முடியிலும் மெல்லிய பூனை முடியிலும் லேசர் பயன் தராது. சிலருக்கு, சிறப்பாக நம் நாட்டவர், மேற்காசிய நாட்டவர் போன்றோரின் முகத்தில், லேசருக்குப் பின் மெல்லிய முடி தடித்து வளர்ந்துவிடுவதும் உண்டு. அமெரிக்க மருந்துத் துறை லேசரால் கிடைப்பது நிலையான 'குறைவு' என்றே கூறுகின்றது. முற்றிலும் ஒழிப்பது என்று கூறவில்லை. 'ஒரே தவணையில் முற்றிலும் நீங்கும்' என்று விளம்பரம் செய்வோரிடம் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

நோய் எனக் கண்டவர்கள்

உரோமம் வெளியே தெரியும் அடையாளமே. காரணம் உள்ளே இருக்கலாம். கிரேக்கரின் ஹிப்போகிராத்திய நூல் தொகுதியில் ஃபைத்தூஸா என்ற பெண்ணின் குறிப்பு உள்ளது. கணவன் நாடு கடத்தப்பட்டபின் அவளுக்கு மாதவிலக்கு நின்றது. முகத்தில் தாடி வளர்ந்தது. மருத்துவர்கள் முயன்றும் சில காலத்தில் இறந்தாள். தாடியையும் மாதவிலக்கையும் இணைத்துப் பார்த்த அந்தக் கண் கூர்மையானது.

1935இல் சிகாகோவின் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள், மாதவிலக்குத் தவறியும் சூற்பைகள் பெருத்தும் இருந்த ஏழு பெண்களைப் பற்றி எழுதினர். அவர்களுள் பலருக்கு முக உரோமமும் இருந்தது. அந்நோய்க்கே இன்று பி.சி.ஓ.எஸ். என்று பெயர். 1961இல் ஃபெரிமன், கால்வே என்ற இருவர், உரோம வளர்ச்சியை மதிப்பெண் இட்டு அளக்கும் முறையை வகுத்தனர். ஆண்களுக்குரிய ஹார்மோன் பெண்ணின் உடலில் சற்று மிகுவதாலோ, மயிர்க்கால்கள் அதற்கு மிகவும் இணங்குவதாலோ உரோமம் தடிக்கின்றது. சில குடும்பங்களில் நோயேதும் இன்றி அது வழிவழியாக வருவதும் உண்டு. மாதவிலக்குத் தவறுதல், முகப்பரு, உடல் பருத்தல் ஆகியவற்றோடு சேர்ந்து உரோமம் வளர்ந்தால் மருத்துவரைக் காண வேண்டும். சில மாதங்களிலேயே திடீரெனப் பெருகி, குரலும் தடித்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. அரிதாகச் சூற்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. பலன் தெரிய ஆறு மாதமேனும் ஆகும். கருவுற்றிருப்போர் உண்ணத் தகாதவையும் அவற்றில் உள்ளமையால் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக்கூடாது.

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கம் நெஞ்சை உறுத்துவது. ஆப்பிரிக்காவின் ஏழை மக்களை வாட்டும் தூக்க நோய்க்கு எஃப்லோர்னிதின் என்ற மருந்து 1990இல் அனுமதி பெற்றது. வாங்குவோருக்குப் பணம் இல்லாமையால் அதனைச் செய்வது 1990களில் நின்றது. அம்மருந்தே பெண்களின் முக உரோம வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் களிம்பாக 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செல்வ நாடுகளில் விற்பனைக்கு இடம் பிறந்தது. உலகமெங்கும் கண்டனமும் எழுந்தது. 2001இல் உலக சுகாதார நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டினால் ஆப்பிரிக்க நோயாளிகளுக்கும் அம்மருந்து இலவசமாகக் கிடைத்தது. ஒரு கண்டத்தின் உயிரை விட மற்றொரு கண்டத்தின் மேலுதடு சந்தையில் விலை கூடியதாக இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

சுண்ணாம்பு, நூல், பாகு, ஊசி, கதிர், மாத்திரை என வழிகள் பல. எது தனக்கு ஏற்றது என்பது தோலையும் முடியையும் உள்ளிருக்கும் காரணத்தையும் பொறுத்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழியே. அதனைத் தேர்ந்த பெண்ணை இகழ எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் எந்த வழியையும் இருட்டில் தேடக்கூடாது என்பதே நூறாண்டு வரலாறு கற்பிக்கும் பாடம்.

உங்கள் மகள் கண்ணாடியின் முன் நெடுநேரம் நின்றால், துப்பட்டாவை மோவாய் வரை இழுத்துக்கொண்டு விருந்துக்கு வர மறுத்தால், அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று விசாரியுங்கள். ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெண் பார்க்கச் செல்வோரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். மேலுதட்டில் நாலு முடி உள்ளது என்று திரும்பி வந்து பேசுவது, ஒரு குடும்பத்தின் பல இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

உம்மு யஃகூப் வெட்கப்படாமல் கேட்டார்; மறுமொழி பெற்றுத் திரும்பினார். நம் பெண்மக்கள் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். முதலில் அந்த ஆள் அவர்களைப் பெற்ற தாயாக இருக்கட்டும்.